முள் நின்ற இடம்

1

வீடு அடங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் பழைய பாட்டு ஒன்றிரண்டு கேட்பது என் வழக்கம். நேற்று பீட்டில்ஸின் 'ஐ ஆம் தி வால்ரஸ்'. கணக்கில்லாமல் கேட்ட பாட்டு. முடியப்போகும் நேரத்தில், வயலின் இழுப்புக்கும் கோரஸ் கூச்சலுக்கும் அடியில் யார் யாரோ பேசுகிறார்கள்; பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாகக் கசிவதுபோல. வெகுகாலம் அதைக் கரகரப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

பேசுகிறவர்கள் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்துப் பாத்திரங்கள். நான்காம் அங்கம், ஆறாம் காட்சி. அவர்களில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான்.

2

நடந்தது இதுதான். 1967 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் மிக்ஸிங் வேலை. வாத்தியங்கள், 16 பேர் கோரஸ் எல்லாம் முன்பே பதிவாகிவிட்டன. பாட்டுக்குள் ரேடியோ சத்தம் வேண்டும் என்று ஜான் லெனனுக்குத் தோன்றியது. ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து மிக்ஸிங் மேசையோடு இணைத்தார்கள். திருகைத் திருப்பினார்கள். முள் ஓடி ஓடி, பிபிசியின் தேர்ட் புரோகிராம் மேல் வந்து நின்றது. அங்கே மாலை ஏழரையிலிருந்து லியர் ஓடிக்கொண்டிருந்தது. ஜான் கீல்கட்தான் லியர்.

அது என்ன நாடகம் என்று லெனனுக்கே அப்போது தெரியாது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பாதியில் வந்து உட்கார்ந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபடாது. ஆனால் யாரோ சாகிறார்கள் என்பது மட்டும் குரலிலேயே தெரிந்துவிடும்.

3

இந்தப் பாட்டின் ஸ்டீரியோ வடிவத்தில் ஒரு விசித்திரம். இரண்டு நிமிடம் வரை இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று விரிந்திருக்கும் ஓசை, அதற்குப் பிறகு சட்டென்று குறுகிவிடும். ஹெட்போன் வயர்தான் போய்விட்டது என்று நான் பலமுறை பிளக்கைத் திருகிப் பார்த்திருக்கிறேன்.

காரணம் அந்த ரேடியோ. அது தனி டிராக்கில் பதிவாகவில்லை. ஒலிபரப்பில் வந்த குரல் நேராக மோனோ மிக்ஸிலேயே போய்க் கலந்துவிட்டது. கலந்ததைப் பிரிக்க முடியாது. ஸ்டீரியோவுக்காக அந்த இரவை இன்னொரு முறை கொண்டுவரவும் முடியாது. ஆகவே மோனோவையே எடுத்து, இரண்டு காதுக்கும் ஒப்பேற்றி ஒட்டினார்கள்.

மேடை நாடகத்தின் இயல்பும் இதுதான். அந்த இரவு அந்த இரவோடு சரி. ஒலிநாடாவில் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்பச் செய்யப் பழகியிருந்த நான்கு பேரின் பாட்டுக்குள், திரும்பச் செய்ய முடியாத ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

4

தேதியைப் பற்றி ஒரு குறிப்பு. தேர்ட் புரோகிராம் தொடங்கியது 1946 செப்டம்பர் 29. நல்ல நாடகமும் நல்ல இசையும் கேட்க விரும்புகிறவர்களுக்கென்று ஏற்பட்ட அலைவரிசை. முள் அதில் வந்து நின்ற இரவு அதற்குச் சரியாக 21 வயது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, பாப் இசைக்கென்றே பிபிசி தொடங்கிய ரேடியோ 1 தன் முதல் பாட்டைப் போட்டது.

லியருக்கு ஒரு அலைவரிசை, பாப்புக்கு ஒரு அலைவரிசை என்று பாகம் பிரித்துக் கொடுக்கப்போகும் காலைக்கு முந்தைய இரவு. நடுவில் சுவர் எழும்புவதற்குச் சில மணி நேரம் முன்னால், திருகில் இருந்த ஒரு கை இரண்டையும் சேர்த்துவிட்டது. இதில் திட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பரில் இசைத்தட்டு வெளிவந்தபோது, வரிகளில் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் இருக்கிறது என்று பிபிசி அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. தன் குரலே உள்ளே இருக்கும் பாட்டை.

5

கீல்கட்டின் குரல் இந்தப் பாட்டில் இல்லை. அரசன் அந்தக் காட்சியிலிருந்து அப்போதுதான் போயிருக்கிறான். நமக்குக் கேட்பவை மூன்று குரல்கள்: கண் பிடுங்கப்பட்ட கிழவர் குளோஸ்டர், மாறுவேடத்தில் அவரை நடத்திச் செல்லும் மகன் எட்கர், ஆஸ்வால்ட்.

ஆஸ்வால்ட், லியரின் மூத்த மகள் கானரிலின் காரியஸ்தன். நாடகத்தில் அவனைத் திட்டாதவர்கள் குறைவு. கெண்ட் பிரபு அவனைக் காலைத் தட்டி விழவைக்கிறார். பிறகு ஒரு பக்கத்துக்கு நீளும் வசைப்பட்டியல் ஒன்றை அவன்மேல் கொட்டுகிறார். இந்தக் காட்சியில், குருட்டுக் கிழவரின் தலைக்கு வைத்திருக்கும் வெகுமதிக்காக வாளை உருவிக்கொண்டு வருகிறான். எட்கர் கைத்தடியால் அடித்து வீழ்த்துகிறான். சாகும்போது ஆஸ்வால்ட் கேட்பது இரண்டே காரியம்: பணமுடிப்பை எடுத்துக்கொண்டு என்னைப் புதைத்துவிடு, இந்தக் கடிதத்தைச் சேரவேண்டியவரிடம் சேர்த்துவிடு.

ஷேக்ஸ்பியர் நாடகங்களை 1765இல் பதிப்பித்த சாமுவேல் ஜான்சன் இந்த இடத்தில் தடுமாறுகிறார். இத்தனை கெட்டவனுக்கு எதற்கு இத்தனை விசுவாசத்தைக் கொடுத்தார் என்று புரியவில்லை என்கிறார். எனக்கும் புரியவில்லை. ஆனால் அந்தக் கடிதக் கவலைதான் அவனை மனிதனாக்குகிறது. எஜமானி ஏவிய வேலை முடியவில்லையே என்ற ஏக்கத்தோடு ஒரு வேலைக்காரன் சாகிறான். கோடிக்கணக்கான வீடுகளுக்குள் ராக் இசைத்தட்டு வழியாகப் போனது லியரின் புயல் காட்சி அன்று. இந்தக் காரியஸ்தனின் கடைசி மூச்சு.

6

பீட்டில்ஸ் தெரிந்தே ஷேக்ஸ்பியரைத் தொட்டதும் உண்டு. 1964, அவர் பிறந்த 400ஆம் ஆண்டு. மே 6ஆம் தேதி ஒளிபரப்பான 'அரவுண்ட் த பீட்டில்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சியில், 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்துக்குள் வரும் குட்டி நாடகத்தை நால்வரும் நடித்தார்கள். பால் பிரமஸ், ஜான் திஸ்பி, ஜார்ஜ் நிலா, ரிங்கோ சிங்கம். ஜானுக்குப் பெண் வேடம்.

மூல நாடகத்தில் அதை நடிப்பவர்கள் நெசவாளி, தச்சன், தையற்காரன், தகரக்கொல்லன். அரசன் கல்யாணத்துக்கு ஒத்திகை பார்த்து, வசனத்தைத் தப்பும் தவறுமாகப் பேசுகிறவர்கள். சபையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் கேலி செய்துகொண்டே பார்ப்பார்கள். டிவி நிகழ்ச்சியிலும் கூட்டத்திலிருந்து கேலிக்குரல்கள் வந்தன. நால்வரும் அதை அனுபவித்து நடித்தார்கள். துறைமுக நகரத்திலிருந்து வந்த பையன்களுக்கு ஷேக்ஸ்பியர் தன் நாடகங்களில் போட்டுவைத்திருந்த நாற்காலி அது. அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

7

அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஜாக் குட். ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர், மாணவர் நாடகச் சங்கத்துத் தலைவராக இருந்தவர், பிறகு ராக் அண்ட் ரோல் பைத்தியம் பிடித்தவர். இங்கிலாந்தின் தொடக்ககால ராக் டிவி நிகழ்ச்சிகள் அவர் கையால் உருவானவை.

1959 கடைசியில் அமெரிக்கப் பாடகர் ஜீன் வின்சென்ட் அவர் நிகழ்ச்சிக்கு வந்தார். பாட்டைக் கேட்டு ஏதோ அசுரனை எதிர்பார்த்திருந்தார் குட். வந்திறங்கியவர் அடக்கமாகப் பேசும் தென்மாநிலத்துப் பையன். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட கால். குட்டுக்கு அந்தக் காலைப் பார்த்ததும் மூன்றாம் ரிச்சர்ட் ஞாபகம் வந்துவிட்டது: காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் அந்தக் கொடிய அரசன். வின்சென்ட்டுக்குக் கறுப்புத் தோல் உடை மாட்டினார், கழுத்தில் ஒரு பதக்கம் தொங்கவிட்டார், மேடையில் படிக்கட்டு வைத்தார். இறங்கும்போது நொண்டல் தெரியவேண்டும் என்பதற்காக. வின்சென்ட்டோ கவனமாக, நொண்டாமல் இறங்கினார். நொண்டு, நொண்டு என்று கெட்ட வார்த்தையோடு கத்தினாராம் குட்.

இதைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். மறுபடி நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. நிஜமாக வலிக்கும் கால் அது. வலியை மறைப்பது அந்தப் பையனின் மானம். வலியைக் காட்டு என்பது நாடகம். ராக் மேடைக்குக் கறுப்புத் தோல் உடை வந்த வழிகளில் ஒன்று, ஷேக்ஸ்பியரின் ஊனமுற்ற அரசன் நடந்துவந்த வழி.

8

ஜாக் குட் அதோடு விடவில்லை. 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'கேட்ச் மை சோல்' என்ற பெயரில் ஒதெல்லோவை ராக் நாடகமாக மேடையேற்றினார். இயாகோவாக நடித்தவர் ஜெர்ரி லீ லூயிஸ். பியானோவைக் காலால் உதைத்து வாசித்தவர்.

வேடிக்கையான தேர்வு என்று தோன்றலாம். மூலத்தைப் புரட்டிப் பார்த்தால், இரண்டாம் அங்கத்தில் ஒதெல்லோவின் உதவித் தளபதி காசியோவைக் குடிக்க வைப்பதற்கு இயாகோ பாடுகிறான். சாராயக்கடைப் பாட்டு. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. அந்தப் பாட்டில்தான் காசியோவின் உத்தியோகம் போகிறது. அங்கிருந்துதான் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் சாவுக்குக் கோடு இழுக்கப்படுகிறது. பாட்டால் ஆளைக் கவிழ்க்கத் தெரிந்தவன் இயாகோ. ஜெர்ரி லீயைவிடப் பொருத்தமாக யாரைப் போடுவது?

9

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இயாகோ பாடும் பாட்டுகளில் ஒன்று, ஷேக்ஸ்பியருக்கு முன்பே ஊரில் பாடிக்கொண்டிருந்த பழம்பாட்டு. டெஸ்டிமோனா சாகும் இரவில், அம்மா வீட்டு வேலைக்காரி ஒருத்தி பாடியது என்று சொல்லிப் பாடும் வில்லோ மரப் பாட்டும் ஏற்கெனவே புழங்கிய பாட்டுதான். ஹாம்லெட்டில் புத்தி கலங்கிய ஒஃபீலியா தெருப்பாட்டுகளின் துண்டுகளைப் பாடுகிறாள். அரசவையில் யாரும் சொல்லத் துணியாததை அந்தப் பாட்டில் சொல்லிவிடுகிறாள். லியரின் விதூஷகனும் பாடுகிறான். பைத்தியமாக நடிக்கும் எட்கரும் பாட்டுத் துண்டுகளை உதிர்த்துக்கொண்டே அலைகிறான்.

அந்த நாடகங்களில் அரசர்கள் பெரும்பாலும் பேசுகிறார்கள். வேலைக்காரர்களும் கோமாளிகளும் புத்தி பிசகியவர்களும் குடிகாரர்களும்தான் பாடுகிறார்கள்.

அப்படியானால் ராக் பாட்டுக்குள் பழைய நாடகம் வருகிறது என்று நாம் வியப்பது பாதி வழியில் ஏறிக்கொண்டவனின் வியப்பு. தெருவில் இருந்த பாட்டை நாடகம் முதலில் எடுத்துக்கொண்டு போனது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பாட்டு, தன் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பி வாங்க வந்திருக்கிறது. பாத்திரத்தில் அவர்கள் வீட்டுக் குழம்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

10

இதற்கு இன்னும் துலக்கமான கணக்கு ஒன்று உண்டு. 1728 ஜனவரியில் லண்டனில் ஜான் கேயின் 'பிச்சைக்காரர் இசைநாடகம்'. திருடர்களும் விலைமாதரும் நடமாடும் கதை. 69 பாட்டு, பெரும்பாலும் ஊர் அறிந்த மெட்டுகள். சரியாக 200 வருடம் கழித்து, 1928 ஆகஸ்டில் பெர்லினில் பெர்டோல்ட் பிரெக்டும் குர்ட் வைலும் அதையே எடுத்து 'மூன்று காசு இசைநாடகம்' ஆக்கினார்கள். அதில் ஒரு பாட்டு, கடற்கொள்ளைக்காரி ஜென்னி. மட்டமான விடுதி ஒன்றில் தரை துடைத்து, படுக்கை விரிக்கும் பெண். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வரும், இந்த ஊரை இடிக்கும், என்னைக் கேவலமாகப் பார்த்தவர்களில் யார் யார் சாகவேண்டும் என்று என்னிடம் கேட்கும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள்.

1963இல் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில், தியேட்டர் த லிஸ் என்ற சின்ன அரங்கில் இந்தப் பாட்டைக் கேட்டான் ஓர் இளைஞன். பெயர் பாப் டிலன். 2004இல் வந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் இந்த ஒரு பாட்டுக்குப் பல பக்கம் ஒதுக்கியிருக்கிறார். கடிகாரத்தைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றி உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்திருக்கிறார். அன்று அந்த அரங்குக்குப் போயிருக்காவிட்டால், பிறகு எழுதிய சில பாட்டுகள் தனக்குத் தோன்றாமலே போயிருக்கலாம் என்கிறார்.

1965இல் வந்த அவருடைய 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' இசைத்தட்டின் அட்டைப்படத்தில், அவரைச் சுற்றிக் கிடக்கும் சாமான்களுக்கு நடுவில் லாட்டே லென்யாவின் இசைத்தட்டு ஒன்று தெரியும். பெர்லினில் ஜென்னியாக நடித்தவர், வைலின் மனைவி. கடன் வாங்கியவர் சீட்டு எழுதி வெளியில் வைத்திருக்கிறார்.

11

டோர்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு, 1967 ஜனவரி. முதல் பக்கத்தில் பிரெக்ட்-வைலின் 'அலபாமா சாங்'. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'தி எண்ட்', கிட்டத்தட்ட 12 நிமிடம். அதன் நடுவில் ஈடிபஸ் வருகிறான். 1966 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தபோது ஜிம் மாரிசன் அந்தப் பகுதியை அங்கேயே கட்டிச் சேர்த்தார். தகப்பனுக்கு ஒரு வரி, தாய்க்கு ஒரு வரி. அன்றோடு கிளப்பில் வேலை போயிற்று.

பழைய ஏதென்ஸில் ஈடிபஸ் கதை போன்ற நாடகங்களின் கோரஸ், குழலிசைக்குப் பாடி ஆடியது. மெட்டுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன; நம் கையில் இருப்பது பாட்டு போன பிறகு மிஞ்சிய சொல். அந்த வகையில், ஆர்கன் முனக ஈடிபஸைப் பாட்டாக்கியதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஈடிபஸ் நாடகத்தை எழுதிய சோஃபக்ளிஸ், அவன் கண்ணைக் குத்திக்கொள்வதை மேடையில் காட்டவில்லை. உள்ளே நடக்கிறது, ஒரு பணியாள் வெளியே வந்து சொல்கிறான். அவன் நிதானம்தான் நம்மை நடுங்கவைக்கிறது. மாரிசன் கத்துகிறார். கேட்கும்போது அதிர்கிறேன், பிறகு வெகுநேரம் கூட இருப்பது அந்தப் பணியாள்தான்.

12

முடிவுகளைப் பற்றி. ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க்குக்கு 13 வயதில், ஸெஃபிரெல்லியின் 'ரோமியோ ஜூலியட்' படத்தைப் பார்த்து அழுகை. அந்த ஓர் இரவுக்குப் பிறகு இரண்டு பேரும் ஏன் ஊரைவிட்டு ஓடவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை. 1996இல் அதே கதையை வைத்து வந்த பாஸ் லூர்மனின் படத்துக்கு ரேடியோஹெட் பாட்டு எழுத வேண்டிவந்தபோது, அந்தப் பையனின் கேள்வியையே எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் எழுந்து தப்பிக்கச் சொல்லி ஒருவர் இன்னொருவரை எழுப்பும் பாட்டு. படத்தில் அது ஒலிப்பது இருவரும் செத்த பிறகு, பெயர்கள் ஓடும்போது.

பாப் பாட்டு பெரிய நாடகத்தின் முடிவை மழுப்பிவிடுகிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் மேடையே அதை முன்பு செய்திருக்கிறது: 1681இல் நஹும் டேட் லியரைத் திருத்தினார். லியரின் கடைசி மகள் கார்டீலியா சாகவில்லை, எட்கரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், லியருக்கு ராஜ்யம் திரும்புகிறது, விதூஷகனைக் காணவே காணோம். ஏறத்தாழ 150 வருடம் ஆங்கில மேடையில் இந்த லியர்தான் நின்றான். விதூஷகனையும் மூல நாடகத்தையும் நடிகர் மக்ரெடி மீட்டுக்கொண்டுவந்தது 1838இல். முன்னே சொன்ன ஜான்சன், கார்டீலியாவின் சாவு தன்னை எவ்வளவு உலுக்கியது என்றால், பதிப்பாசிரியராக வேறு வழியின்றி உட்காரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே தாங்கவில்லை என்று எழுதினார்.

லண்டனின் பெரிய படிப்பாளிக்கும் 13 வயதுப் பையனுக்கும் ஒரே இடத்தில் வலித்திருக்கிறது. டேட் கதையையே மாற்றினார். யார்க் கதையைத் தொடவில்லை. ஓடிப்போ என்று வெளியே நின்று கத்துகிறார். இரண்டாவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

13

2016 டிசம்பரில் டிலனுக்கு நோபல். அப்போது அவர் ஸ்டாக்ஹோமுக்குப் போகவில்லை. விருந்தில் அவர் உரையை அமெரிக்கத் தூதர் படித்தார். அதில் ஷேக்ஸ்பியர் வருகிறார். ஹாம்லெட் எழுதும்போது இது இலக்கியமா என்ற கேள்வி அவருக்கு இருந்திருக்காது என்கிறார் டிலன். எந்த வேடத்துக்கு எந்த நடிகன், பணம் வந்துவிட்டதா, மண்டையோட்டுக்கு எங்கே போவது: இவைதான் இருந்திருக்கும். தனக்கும் அப்படித்தான், எந்த வாத்தியக்காரர், எந்த ஸ்டுடியோ, சுருதி சரியா.

மிக்ஸிங் மேசையில் ரேடியோ வயரைச் செருகிய கைக்கும் அன்று இருந்த கவலை அதுவாகத்தான் இருக்கும். சத்தம் வருகிறதா, போதுமா.

14

இன்றிரவு மறுபடி கேட்டேன். இந்த முறை பாட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேச்சை மட்டும். குருட்டுக் கிழவர், கூட இருப்பவனை யார் என்று கேட்கிறார். விதியிடம் அடி வாங்கி அடங்கிப்போன ஏழை என்கிறான் அவன். பிறகு கைகலப்பு. காரியஸ்தன் தன் பணமுடிப்பையும் கடிதத்தையும் ஒப்படைத்துவிட்டு, அகாலச் சாவை நொந்துகொண்டு போகிறான். செத்துவிட்டானா என்று கிழவர் கேட்கிறார். உட்காருங்கள், ஓய்வெடுங்கள் என்று இளைஞனின் குரல் சொல்கிறது. அப்பா என்றும் அழைக்கிறது. வயதானவர் யாரையும் அப்படி அழைப்பது அந்தக் காலத்து வழக்கம் என்பதால், கிழவருக்குச் சந்தேகம் வரவில்லை.

பாட்டு அந்த இடத்தில் மங்கி நின்றுவிடுகிறது. பேசியது தன் மகன்தான் என்று குளோஸ்டருக்குத் தெரியவருவது ஐந்தாம் அங்கத்தில்.